"உங்கள் வீட்டில் எப்படி?": ஜமைக்கா வார்டில் ரஸ்தாக்களிடம் கேட்கப் பழகியது

கிங்ஸ்டனில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், வார்டு சிஸ்டர் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட்டார். "ரஸ்தா நோயாளி வந்தால், ரஸ்தாக்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று யாரிடமும் விசாரிக்காதே. நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்று அவரிடமே கேள்." ரஸ்தாக்கள் என்றால், எத்தியோப்பிய மன்னர் ஹைலே செலாசியைத் தெய்வமாகக் கொண்டு ஜமைக்காவில் தோன்றிய மதத்தைச் சேர்ந்தவர்கள். சிஸ்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது போகப் போகப் புரிந்தது. ஒருவர் உப்பைத் தொடமாட்டார். அடுத்த கட்டில்காரர் சின்ன மீன் சாப்பிடுவார். மூன்றாமவர் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். விரத நாட்களில் பால், முட்டைகூட எடுக்கமாட்டார், மற்ற நாட்களில் கோழி சாப்பிடுவார். மூன்று பேருமே ரஸ்தாக்கள்தான். ஒருவர் இன்னொருவரைப் போலி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கரீபியனுக்கோ லண்டனுக்கோ வேலைக்குக் கிளம்பும் நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ரஸ்தா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாடகர் பாப் மார்லியின் படம் போட்ட பனியனும் கஞ்சா இலையும். அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். பலர் அடி வாங்கி, சிறைக்குப் போய்க் காப்பாற்றிய விசுவாசம் அது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930 நவம்பர் 2 அன்று எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் ராஸ் தஃபாரி மகோன்னன், முதலாம் ஹைலே செலாசி என்ற பெயரில் பேரரசராக முடிசூடினார். அப்போது ஜமைக்கா பிரிட்டனின் காலனி. அடிமை முறை ஒழிந்து நூறு வருடம்கூட ஆகவில்லை. ஆப்பிரிக்காவை நோக்கித் திரும்புங்கள் என்று கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி ஏற்கெனவே ஊர் ஊராகப் பேசியிருந்தார். ஏழைகளின் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் பைபிள். எத்தியோப்பியா தேவனை நோக்கிக் கையெடுக்கும் என்று 68ஆம் சங்கீதம் சொல்வதைப் பாப்டிஸ்ட் சபையிலும், ஆப்பிரிக்க மரபு கலந்த ரிவைவல் சபையிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு கறுப்பின மன்னர் முடிசூடிய செய்தி வேறு விதமாகத்தான் காதில் விழுந்திருக்கும். முதல் ரஸ்தா போதகர்களில் ஒருவரான லெனார்ட் ஹவல் அந்த மன்னரின் படத்தை விற்றுக்கொண்டே பிரசங்கம் செய்தார். உங்கள் ராஜா லண்டனில் இல்லை என்று பேசியதற்காக ராஜத்துரோக வழக்கில் சிறை போனார். பிறகு 1940இல் பினக்கிள் என்ற மலையில் தன் ஆட்களோடு குடியேறினார். போலீஸ் திரும்பத் திரும்ப அங்கே புகுந்தது.

ஆக, இந்த விசுவாசம் எங்கிருந்தோ ஒரு சட்டப் புத்தகமாக வந்து இறங்கவில்லை. கரும்புத் தோட்டம், பைபிள் வாசிப்பு, ஆப்பிரிக்க மேளம், இந்தியக் கூலிகள் கொண்டுவந்த பழக்கம், போலீஸ் தடியடி எல்லாம் கலந்த ஜமைக்கா மண்ணில் முளைத்தது. ஒவ்வொரு பழக்கத்துக்குப் பின்னாலும் அந்த மண்ணின் கதை ஒன்று இருக்கிறது. கதை தெரிந்தால் நோயாளியிடம் பேசுவது சுலபமாகிவிடும்.

முதலில் முடி. எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் நசரேய விரதம் வருகிறது. விரதம் முடியும்வரை சவரகன் கத்தி தலையில் படக்கூடாது. ரஸ்தாக்கள் சடை வளர்ப்பதற்கு முதலில் காட்டும் வசனம் இதுதான். ஆனால் ஆரம்ப காலத்து ரஸ்தாக்கள் பலருக்குத் தாடி மட்டுமே இருந்தது. 1940களின் இறுதியில் கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் இருந்த இளைஞர்கள்தான் சடையை விசுவாசத்தின் அடையாளமாகப் பிடிவாதமாக எடுத்துக்கொண்டார்கள். ஜமைக்காவுக்கு வந்த இந்தியச் சாதுக்களின் சடையைப் பார்த்து வந்தது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், வேறு சிலர் அதை ஏற்பதில்லை. எனக்குத் தெரிந்த பெரியவர்களிடம் கேட்டால் பைபிளைத்தான் திறந்து காட்டுவார்கள்.

1963 ஏப்ரலில், பெரிய வெள்ளிக்கு முன்தினம், மான்டெகோ பே பக்கத்தில் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நிலத் தகராறு ஒன்று கலவரமாகி எட்டுப் பேர் செத்தார்கள். அதைச் சாக்காக வைத்து, சம்பந்தமே இல்லாத ரஸ்தாக்களைப் போலீஸ் மேற்கு ஜமைக்கா முழுக்க வேட்டையாடியது. பிடித்தவர்களை அடித்தார்கள், சடையை வெட்டினார்கள். அரசாங்கம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2017 ஆனது. பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் கேட்டார்.

இது தெரியாமல் ஒரு முதிய ரஸ்தாவின் தலைக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலைக் கொண்டுபோகக்கூடாது. மேற்குப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாத்தா எங்கள் வார்டில் இருந்தார். நெற்றியில் காயம், தையல் போட வேண்டும். கட்டுத்துணி வெட்டத்தான் ஒரு பயிற்சி மாணவி கத்தரியை எடுத்தாள். அவர் இரண்டு கையாலும் கம்பளித் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டார், விரல் நுனிகள் வெளுக்கும் அளவுக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தரியைத் தட்டில் வைத்து, தட்டை வெளியே அனுப்பிவிட்டு, "முடியில் கை வைக்கமாட்டோம் பாப்பா, நீங்களே தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள், போதும்" என்றேன். வயதான ஆண்களை அங்கே மரியாதையாகப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தள்ளினார். தையல் போட்டு முடித்தோம்.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். தொப்பியைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் காரணத்தைச் சொல்வேன். கழற்றுவதை அவரிடமே விடுவேன். அறுவை சிகிச்சைக்குப் போகும்போது சாதாரணத் தொப்பிக்குள் சடை அடங்காது என்பதால் சுத்தமான பெரிய துணியைத் தயாராக வைத்திருப்பேன். தலையில் அறுவை என்றால், எவ்வளவு இடத்தில் மழிக்க வேண்டும் என்பதை மருத்துவரே வந்து நேரில் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்வேன். வெட்டிய சடையை ஒருபோதும் குப்பையில் போடக்கூடாது. உறையில் போட்டு அவரிடமோ குடும்பத்திடமோ கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

அவர்கள் உணவை ஐட்டல் என்பார்கள். மண்ணில் விளைந்தது, பதப்படுத்தாதது, உயிர்ப்புள்ளது என்ற எண்ணம். பன்றி கிடையவே கிடையாது. பலர் எந்த மாமிசமும் தொடுவதில்லை. கண்டிப்பானவர்கள் உப்பும் சேர்ப்பதில்லை. உப்பு ஏன் என்று பல நாள் எனக்குப் பிடிபடவில்லை. மலையடிவாரத்தில் ஒரு பெரியவர் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி சமைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாதான் சொன்னார். அடிமைகளுக்குத் தோட்ட முதலாளி கொடுத்த படியில் உப்பிட்ட கருவாடு முக்கியமானது. ஜமைக்காவின் தேசிய உணவான அக்கியும் கருவாடும் அந்த வழியில் வந்ததுதான். உப்பைத் தின்றவன் உடம்பு கனத்துப்போய் ஆப்பிரிக்காவுக்குப் பறந்து திரும்ப முடியாது என்று முன்னோர்களிடம் ஒரு நம்பிக்கையும் இருந்திருக்கிறது. "எஜமான் போட்ட உப்பு அது சிஸ்டர், எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

அவர் சமைத்ததையும் சொல்கிறேன். தேங்காயைத் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, பால் பிழிந்து எடுத்தார். அதில் வேகவைத்த துவரை. ஆமாம், நம் துவரைதான், அங்கே கங்கோ பீஸ் என்பார்கள், பச்சையாகவே உரித்துப் போடுவார்கள். பூசணி, பச்சை வாழைக்காய், வெள்ளைக் கிழங்கு, சேப்பங்கிழங்கு போன்ற டஷீன். தைம் இலைக் கொத்து, வெங்காயத்தாள், பிமென்டோ என்ற வாசனைப் பொருளின் சில மணிகள். கடைசியாக ஸ்காட்ச் பானெட் மிளகாய் ஒன்றை முழுதாக மேலே மிதக்கவிட்டார். அது வெடித்துவிடக்கூடாது. மணம் மட்டும் இறங்க வேண்டும், காரம் இறங்கக்கூடாது. சுரைக்குடுவையில் ஊற்றிக் கொடுத்தார். உப்பு இல்லை என்பது இரண்டாவது வாயிலேயே மறந்துவிட்டது.

வார்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. உப்பில்லாச் சாப்பாடு ரத்த அழுத்தக்காரருக்கு நல்லது, அதை வைத்தே அவர்களோடு பேச்சைத் தொடங்கலாம். மீன், முட்டை, பால் எதுவுமே இல்லாமல் வருடக்கணக்கில் இருப்பவருக்கு பி12 குறையும். கை கால் மரத்துப்போகிறது என்று சொன்னால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தையும் கவனிக்க வேண்டும். மாத்திரைக் கூட்டின் ஜெலட்டின் பன்றியிலிருந்தும் வரும், மாட்டிலிருந்தும் வரும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. இதைச் சொல்லாமல் போட்டுவிட்டு, பிறகு தெரியவந்தால் அந்த நோயாளி உங்களை மறுபடி நம்பமாட்டார். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செயற்கையாகத் தயாரிக்கும் ஃபோண்டாபரினக்ஸ் போன்ற மாற்று இருக்கிறது, மருத்துவரிடம் கேட்கலாம். சிலர் விஷயம் தெரிந்ததும் "உயிர் காக்க என்றால் போடுங்கள்" என்பார்கள். அந்த முடிவு அவர்களுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எது ரஸ்தா பழக்கம், எது பொதுவாக ஜமைக்காப் பழக்கம் என்று பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும். செரசி என்றொரு கசப்புக் கஷாயம், காட்டுப் பாகல் கொடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பது. பெந்தகொஸ்தே பாட்டியும் குடிப்பார், ரஸ்தாவும் குடிப்பார். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை எடுப்பவர் அதையும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். ஆகவே எல்லோரிடமும் கேளுங்கள்.

கஞ்சாவைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1845 முதல் 1917 வரை சுமார் 36,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்குப் போனார்கள். பெரும்பாலும் வடக்கிலிருந்து, கொஞ்சம் பேர் சென்னைத் துறைமுகம் வழியாக. செடியின் பெயரும் அதைப் புகைக்கும் முறையும் அவர்களோடு போனவை. ரஸ்தாக்கள் அதைத் தியானத்துக்கும், ரீசனிங் என்று அவர்கள் சொல்லும் கூட்டு உரையாடலுக்கும் உரியதாக வைத்திருக்கிறார்கள். புகைக்காத ரஸ்தாக்களும் உண்டு. 2015இல் சட்டம் திருத்தப்பட்டு, வழிபாட்டில் பயன்படுத்த ரஸ்தாக்களுக்கு உரிமை கிடைத்தது. செவிலியருக்கு இதில் ஒரே வேலைதான். அறுவைக்கு முன், முகத்தைச் சுளிக்காமல், எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேட்டு எழுத வேண்டும். தினமும் புகைப்பவருக்கு மயக்க மருந்தின் அளவு மாறலாம். பயந்து மறைத்தால் ஆபத்து அவருக்குத்தான்.

மேளத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பத்தில், சங்கீதங்களை மனப்பாடம் செய்து வளர்ந்தவள். ஜமைக்காவின் கிளாரண்டனில் ஸ்காட்ஸ் பாஸ் என்ற இடம், நையபிங்கி என்ற ரஸ்தா பிரிவினரின் மையம். அவர்களின் வழிபாட்டுக்கு ஒரு நோயாளியின் குடும்பம் என்னை அழைத்துப்போனது. வட்டமான கூடாரம். வெளியே தீ, வழிபாடு முடியும் நாள்வரை அணையவிடமாட்டார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றிச் சடையை அவிழ்த்துவிடுகிறார்கள், பெண்கள் தலையை மூடுகிறார்கள். மூன்று வகை மேளம். பெரிய பேஸ் அடிவயிற்றில் இடிக்கும். ஃபண்டே என்பது இதயத் துடிப்பைப் போல இரண்டிரண்டாக, விடாமல் அடிப்பது. ரிப்பீட்டர் இவற்றுக்கு மேலே பேசிக்கொண்டே போகும். இந்த மேளம் பைபிளிலிருந்து வந்ததல்ல. அடிமைக் காலத்துப் புர்ரு மேளக்காரர்கள் கிங்ஸ்டன் சேரிகளுக்கு வந்து ரஸ்தாக்களோடு பழகினார்கள், கவுன்ட் ஓசி போன்ற ரஸ்தா மேளக்காரர்கள் அவர்களிடம் கற்று இதை உருவாக்கினார்கள்.

அந்த மேளத்துக்கு மேலே அவர்கள் பாடியது சங்கீதங்கள். பழைய பாப்டிஸ்ட் கீதங்களும் வந்தன, வரிகள் மட்டும் மாறியிருந்தன. 121ஆம் சங்கீதத்தை அவர்கள் ஆரம்பித்தபோது என் வாய் தானாகத் தமிழில் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, தாளத்தை எனக்காகத் தொடையில் தட்டிக் காட்டினார். ஹைலே செலாசி கடவுள் என்பதை நான் நம்பவில்லை, அவர்களிடம் அதை மறைக்கவும் இல்லை. அப்படியும் எனக்கு அங்கே இடம் கொடுத்தார்கள்.

அங்கே போகும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: நீளப் பாவாடை, தலைத்துணி. பேன்ட் வேண்டாம். மேளத்தைத் தொட வேண்டாம், மரபுப்படி ஆண்கள்தான் வாசிப்பார்கள். மாதவிலக்கு நாட்களில் பல இடங்களில் வழிபாட்டுக்கு அனுமதியில்லை. கிங்ஸ்டனுக்குக் கிழக்கே புல் பே மலைமேல் போபோ அஷாந்தி என்ற ரஸ்தா பிரிவினர் வாழ்கிறார்கள். தலைப்பாகையும் அங்கியும் அவர்கள் அடையாளம், துடைப்பம் கட்டி விற்பது அவர்கள் தொழில். அங்கே இந்த விலக்கு மிகக் கடுமை. பெண்களுக்குத் தனி வீடே உண்டு. லேவியராகமத்தைக் காட்டுவார்கள். தீட்டு என்று சொல்லிப் பெண்களைத் திண்ணைக்கு அனுப்பிய ஊரிலிருந்து வந்தவள் நான், எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு ரஸ்தா பெண்களைப் பற்றி முடிவுக்கு வந்துவிடக்கூடாது. 1968இல் தொடங்கிய பன்னிரு கோத்திரம் என்ற ரஸ்தா பிரிவில் ஒவ்வொரு கோத்திரத்துக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிர்வாகத்தில் உட்காருகிறார்கள். பாப் மார்லி இருந்தது அந்தப் பிரிவில்தான். எங்கள் வார்டில் சடையோடு வேலை பார்த்த ஒரு மருத்துவர் அம்மா, "வசனத்தைப் படித்தது அந்தக் காலத்து ஆண்கள், இப்போது நாங்களும் படிக்கிறோம்" என்பார்.

ஜமைக்காவை விட்டு வெளியே போனால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. எத்தியோப்பியாவில் ஷாஷமானே என்ற ஊரில் கறுப்பின மக்களுக்காக ஹைலே செலாசி நிலம் கொடுத்தார். 1960களிலிருந்து ரஸ்தாக்கள் அங்கே குடியேறினார்கள். அங்கே சில காலம் இருந்து திரும்பிய ஒரு நோயாளி நிறையச் சொன்னார். சுற்றியிருந்த எத்தியோப்பியர்களுக்குச் செலாசி மன்னர், கடவுள் இல்லை. பண்டிகை என்றால் பச்சை மாமிசம் சாப்பிடும் நாடு அது, கஞ்சா சட்டவிரோதம். ஆனால் புதன், வெள்ளி விரதச் சாப்பாடு ஐட்டலோடு அழகாகப் பொருந்திவிட்டதாம். பருப்பும் கீரையும் இஞ்சேரா என்ற அவர்கள் ஊர்ப் புளித்த அப்பமும் சாப்பிட்டுத்தான் அந்த ஊரோடு ஒட்டிக்கொண்டேன் என்றார். நியூசிலாந்தில் ருவாடோரியாவில் நாட்டி போரௌ என்ற மாவோரிப் பழங்குடியினரில் சிலர் ரஸ்தாக்களானபோது முகத்தில் மோகோ என்ற தங்கள் மரபுப் பச்சையைக் குத்திக்கொண்டார்கள். ஹிகுராங்கி மலை அவர்களுக்குப் புனிதம். ஜமைக்காவில் பல ரஸ்தாக்கள் பச்சை குத்துவதை லேவியராகமம் 19:28ஐக் காட்டி மறுப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் சடைக்காக வேலையிழந்த சிறைக் காவலர்கள் வழக்குப் போட்டார்கள். அவர்களில் சிலர் ரஸ்தாக்கள், மற்றவர்கள் கோசா இன மரபுப்படி சடை வளர்த்தவர்கள். 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ரஸ்தாக்கள், கோசாக்கள் இருவருக்கும் சேர்த்தே சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. ஆகவே லண்டன் மருத்துவமனையில் சடையோடு ஒருவரைப் பார்த்ததும் ஜமைக்கா ரஸ்தா என்று நினைத்துப் பேச ஆரம்பிக்க வேண்டாம்.

கடைசியாக மரணம். செவிலியருக்கு மிகவும் கஷ்டமான இடம் இது. அதே எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில், விரதம் காப்பவன் பிரேதத்தின் அருகே போகக்கூடாது என்றும் இருக்கிறது. பழைய தலைமுறை ரஸ்தாக்கள் பலர் சாவைப் பற்றிப் பேசவே மாட்டார்கள், சவ அடக்கத்துக்கும் போகமாட்டார்கள். ஜமைக்காவின் பொதுப் பழக்கமோ இதற்கு நேர்மாறு. ஒன்பதாம் இரவு வரை கூட்டம், பாட்டு, சாப்பாடு என்று ஊரே திரளும். எல்லா ரஸ்தாக்களும் ஒரே மாதிரி இல்லை என்பதற்கு இங்கேயும் உதாரணம் உண்டு. மார்லி 1980இல் எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் ஞானஸ்நானம் பெற்றார், 1981 மே மாதம் கிங்ஸ்டனில் அந்தச் சபையின் முறைப்படிதான் அவருக்குச் சடங்கு நடந்தது.

வார்டில் வரும் சிக்கல் வேறு. சாகும்வரை கூடவே இருந்து கவனித்த ரஸ்தா சகோதரர்கள், உயிர் போனதும் விலகிவிடுவார்கள். பல வருடம் முகம் பார்க்காத ரத்த சொந்தங்கள் வருவார்கள். பெரும்பாலும் அவர்கள் பெந்தகொஸ்தே அல்லது பாப்டிஸ்ட். சடையை வெட்டி, கோட்டு போட்டு, சபையில் அடக்கம் செய்ய வேண்டும் என்பார்கள். சட்டப்படி உடலைக் கேட்கும் உரிமை அவர்களுக்குத்தான் இருக்கும். இப்படி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன், தடுக்க முடியவில்லை.

அதனால் இப்போது நோயாளி தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன். சாவு என்ற வார்த்தையை எடுப்பதில்லை, அவர்களுக்குப் பிடிக்காது. "உங்களால் பேச முடியாமல் போனால் உங்களுக்காக யார் பேச வேண்டும்? உங்கள் முடியை யார் பார்த்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்பேன். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களே இல்லை. சொன்ன பெயரை, தொலைபேசி எண்ணோடு, அவர் கையெழுத்தோடு கோப்பில் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுவேன். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் யார் வந்தாலும் கண்ணில் படும். சொந்தக்காரர்கள் வந்து நிற்கும்போது அந்தக் காகிதத்தைக் காட்டினால், முழுதாக இல்லாவிட்டாலும், முடியை வெட்ட வேண்டாம் என்பதற்காவது பலர் சம்மதிக்கிறார்கள்.